பழைய விசைப்படகு எஞ்சினை மதிப்பிடுதல்

பழைய விசைப்படகை வாங்குமுன் அதன் டீசல் எஞ்சினை முதலில் குளிர்ந்த நிலையில் இயக்கிப் பார்க்க வேண்டும். வாங்குபவர் வரும்போதே எஞ்சின் சூடாக இருந்தால், எளிதில் கிளம்பாத குறை மறைக்கப்பட்டிருக்கலாம். புகையின் நிறமும் முக்கியமானது. நீலப் புகை ஆயில் எரிவதைக் காட்டும். சூடேறிய பின்னும் நீடிக்கும் வெண்புகை எரியாத டீசலையோ, சிலிண்டருக்குள் நீர் புகுவதையோ உணர்த்தும். கரும்புகைக்குக் காற்றுக் குறைவு, இன்ஜெக்டர் கோளாறு, அதிகச் சுமை ஆகியவை காரணமாகலாம். ஆயில் பால் கலந்தது போல் இருந்தால் அதில் நீர் சேர்ந்துள்ளது.

லாரி எஞ்சினுக்கு இல்லாத பகை உப்புநீர். கடல்நீர் ஓடும் குளிர்விப்புக் குழாய்களும் பம்பும் உள்ளிருந்து அரிக்கப்படும். வெளியே அடித்த புதுப் பெயிண்ட் அதைக் காட்டாது.

தமிழகக் கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். அப்போது இராமேசுவரம், நாகப்பட்டினம் போன்ற இடங்களில் பல படகுகள் பழுதுபார்ப்புக்காகக் கரையேற்றப்படுகின்றன. அடிப்பகுதி, தண்டு, புரொப்பல்லர் ஆகியவற்றைப் பார்க்க அது ஏற்ற காலம். ஆனால் எஞ்சின் சுமை தாங்குமா என்பது கரையில் தெரியாது. படகை நீரில் இறக்கி, முழு வேகத்தில் சிறிது நேரம் ஓட்ட வேண்டும். குறித்த சுழற்சி வேகத்தை எட்டாவிட்டால் எஞ்சின் தளர்ந்திருக்கலாம். அல்லது பொருந்தாத புரொப்பல்லர் மாட்டப்பட்டிருக்கலாம். முன்னதற்கு ஆகும் செலவு மிக அதிகம்.