தோசைக்கல்லில் ஒரு சொல்லாய்வு

நாள்தோறும் உண்ணும் பொருள்களின் பெயர்களை நாம் ஆராய்ந்து பார்ப்பது அரிது. மேற்கு மாம்பலம் சைவ உணவகங்களுக்குப் பெயர்பெற்ற பகுதி. ஆயினும் மாலை வேளையில் அங்கும் தள்ளுவண்டிகளில் முட்டை உடையும் ஒலி கேட்கவே செய்கிறது. அவ்வண்டியின் தோசைக்கல்லையே ஆய்வுக்களமாகக் கொள்வோம்.

முட்டையைக் கலக்காமல் கல்லில் உடைத்து ஊற்றி, உப்பும் மிளகுத்தூளும் தூவி, திருப்பாமல் எடுப்பது ஆஃப்பாயில். அதனையே திருப்பிப் போட்டு மஞ்சள் கருவும் இறுக விட்டால் ஃபுல்பாயில். வெங்காயமும் பச்சைமிளகாயும் சேர்த்து நன்கு அடித்து, பரப்பி, இருபுறமும் வேகவைப்பது ஆம்லெட். அடித்த முட்டை முழுதும் இறுகுமுன் மடித்து எடுப்பது கலக்கி; இதில் சால்னா சேர்ப்பாரும் உளர். கிளறி உதிர்த்தால் பொடிமாஸ். மதுரைக் கரண்டி ஆம்லெட்டோ குழிக்கரண்டியில் வெந்து பணியாரம்போல் உப்பி எழும்.

பொருள் ஒன்றே, வேற்றுமை வெப்பம் செல்லும் வழியில் உள்ளது. கல்லைத் தொடும் வெண்கரு முதலில் இறுகுகிறது. அதன்மேல் அமர்ந்த மஞ்சள் கருவுக்குச் சூடு தாமதித்தே சேர்கிறது. 65 முதல் 70 பாகை செல்சியசை எட்டினால்தான் அது கெட்டிப்படும். அதற்குமுன் எடுத்துவிடுவதே ஆஃப்பாயில் போடுபவரின் கைத்திறன். அடித்துக் கலந்தபின் இரு கருக்களும் ஒன்றாகிவிடுவதால் ஆம்லெட்டில் இவ்வேறுபாடு இல்லை.

இனிச் சொல்லுக்கு வருவோம். 'பாயில்' என்னும் ஆங்கிலச் சொல் நீரில் வேகவைத்தலைக் குறிப்பது. நம் வண்டியிலோ நீரே இல்லை! சிங்கப்பூர் சென்ற சென்னைவாசி அதே பெயரைச் சொல்லிக் கேட்பின், வெந்நீரில் இட்டு அரைவேக்காடாக எடுத்த முட்டையே கிண்ணத்தில் வந்து சேரும். தமிழோ அவித்தல், வறுத்தல், வதக்கல், பொரித்தல் எனச் செயல்தோறும் தனிச்சொல் உடையது. 'பொரித்தல்' என்பது குஞ்சு பொரித்தலையும் குறிக்கும். முட்டைக்கு வாழ்வளிப்பதும் அதனை உணவாக்குவதும் ஒரே சொல்லில் அடங்குதல் வியப்பன்றோ?

ஆயினும் 'ஆஃப்பாயில்' பிழையான சொல் என்று தள்ளிவிடல் தகாது. கடன்வாங்கிய சொல்லுக்குப் புதுப்பொருள் தந்து தமதாக்கிக் கொண்டவர்கள் உழைக்கும் மக்கள். 'கலக்கி'யோ வினையிலிருந்து அவர்களே ஆக்கிய தூய தமிழ்ப்பெயர். சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதியின் ஆறு தொகுதிகள் 1936-இல் நிறைவுற்றன. தெருவின் சொற்கள் அதன்பின்னும் பிறந்துகொண்டே இருக்கின்றன. எழுதி வைப்பாரின்றேல் அவை வண்டியோடு மறையும்.

பெயரறிவு உடல்நலத்துக்கும் உதவும். நன்கு வேகாத முட்டையில் சால்மொனெல்லா நுண்ணுயிர் எஞ்சி இருக்கக்கூடும். ஆதலின் குழந்தைகள், கருவுற்ற மகளிர், முதியோர் ஆகியோருக்கு ஆஃப்பாயிலும் கலக்கியும் தவிர்த்து, முழுதும் வெந்ததையே தருதல் நன்று.

மாணவச் செல்வங்களே, அடுத்தமுறை அவ்வண்டியருகே நிற்கையில் சிறு குறிப்பேடு ஒன்றும் கையில் இருக்கட்டும். உண்பதோடு அமையாது, ஒவ்வொன்றும் எவ்வூரில் எப்பெயர் பெறுகிறது எனக் கேட்டு எழுதுங்கள். அதுவும் தமிழ்ப்பணியே.