டாட்ஃபைல்களுக்கு ஒரே வீடு: சிம்லிங்க், ஸ்டோ, கொஞ்சம் எச்சரிக்கை

எபிசோட்ல வேகமா சொல்லிட்டுப் போனதை இங்க நிதானமா பார்ப்போம்.

ஷெல், விம், கிட் எல்லாத்தோட செட்டிங்ஸும் ஹோம் ஃபோல்டர்ல புள்ளியில் தொடங்கும் ஃபைல்களா இருக்கும். சும்மா எல்எஸ் அடிச்சா கண்ணுக்குத் தெரியாது. லேப்டாப் போச்சுன்னா, வருஷக்கணக்கா செதுக்கின செட்டிங்ஸும் அதோட போயிடும்.

தீர்வு எளிது. அந்த ஃபைல்களை 'டாட்ஃபைல்ஸ்'னு ஒரே ஃபோல்டருக்கு மாத்தி, கிட்ல போடுங்க. பழைய இடத்தில் சிம்லிங்க் வைங்க. சிம்லிங்க்னா, மூடின கடை வாசல்ல 'அடுத்த தெருவுக்கு மாற்றப்பட்டுள்ளது'னு தொங்குற போர்டு மாதிரி. உள்ளே இருப்பது முகவரி மட்டும்தான். சரக்கு வேற இடத்தில்.

ஒவ்வொண்ணா லிங்க் போட அலுப்பா இருந்தா க்னூ ஸ்டோ இருக்கு. டாட்ஃபைல்ஸை ஹோமுக்குள்ளயே வைங்க. அதுக்குள்ள விம், கிட், பாஷ்னு தனித்தனி ஃபோல்டர். அங்க நின்னு 'ஸ்டோ விம்' அடிச்சா, ஒரு படி மேலே, அதாவது ஹோமில், லிங்க் தானா உருவாகும். வேண்டாம்னா மைனஸ் டி (கேபிடல்). அதே பெயரில் நிஜ ஃபைல் ஏற்கெனவே இருந்தா ஸ்டோ அதைத் தொடாது. முரண்பாடுன்னு சொல்லி நின்னுடும். முதல்ல மைனஸ் என் போட்டு ஒத்திகை பாருங்க.

மூணு விஷயத்தில் கவனம்:

1. ரகசியங்கள். எஸ்எஸ்ஹெச் பிரைவேட் கீ, ஏபிஐ டோக்கன் எதுவும் ரெப்போவுக்குள் போகக் கூடாது. அடுத்த கமிட்ல அழிச்சாலும் பழைய வரலாற்றில் அது அப்படியே இருக்கும். பப்ளிக் ரெப்போவில் ஒருமுறை போயிட்டா, அந்தக் கீயை ரத்து செஞ்சு புதுசு எடுங்க, வேற வழியில்லை.

2. வேலை வேற, வீடு வேற. கான்ட்ராக்ட்ல இருக்கிறவங்களுக்கு இது முக்கியம்: கிளையன்ட்டோட சர்வர் பெயர், ஆபீஸ் இமெயில் எல்லாம் தனி ஃபைலில் இருக்கட்டும். கிட் கான்ஃபிக்ல 'இன்க்லூட்' வசதி இதுக்குத்தான். அந்த ஃபைல் இல்லாத மெஷினில் கிட் சத்தம் போடாம தாண்டிப் போயிடும்.

3. லிங்க் காணாம போறது. சில புரோகிராம்கள் சேமிக்கும்போது புது ஃபைல் எழுதி, பழையதன் இடத்தில் வைக்கும். அப்போ லிங்க் போய் நிஜ ஃபைல் உட்கார்ந்திடும். உங்க மாற்றம் ரெப்போவுக்கு வராது. அப்பப்போ எல்எஸ் மைனஸ் எல் போட்டு அம்புக்குறி இருக்கான்னு பாருங்க.

எல்லாத்தையும் ஒரே நாளில் மாத்த வேண்டாம். இந்த வாரம் பாஷ் ஃபைல் ஒண்ணு போதும். அடுத்த லேப்டாப் கைக்கு வரும்போது ஒரு கிட் குளோன், ஒரு ஸ்டோ. உங்க ஷெல் உங்க ஷெல்லாவே இருக்கும்.