குளிரில் ஒளிரும் கொழுப்பு

கொழுப்பு என்றாலே நம் நினைவுக்கு வருவது தொப்பைதான். ஆனால் உடம்பில் உள்ள கொழுப்பு எல்லாம் ஒரே வகை அல்ல. வெள்ளைக் கொழுப்பு, மிஞ்சிய உணவைச் சேமித்து வைக்கிறது. பழுப்புக் கொழுப்போ அதை எரித்து உடம்புக்குச் சூடு தருகிறது. பச்சிளங் குழந்தைகளைக் குளிரிலிருந்து காப்பது இதுதான். வளர்ந்தபின் இது அநேகமாக மறைந்துவிடும் என்றே வெகுகாலம் எண்ணியிருந்தார்கள்.

அந்த எண்ணத்தை மாற்றியது, புற்றுநோயாளிகளுக்குச் செய்யப்படும் 'பெட்' ஸ்கேன். கதிரியக்கம் சேர்த்த ஒருவகைக் குளுக்கோஸை ஊசி மூலம் செலுத்தினால், சர்க்கரையை அதிகம் உறிஞ்சும் இடங்கள் படத்தில் பளிச்சென்று தெரியும். புற்றுக் கட்டிகள் பல இவ்வாறு உறிஞ்சுபவை. ஆனால் சிலருக்குக் கழுத்தின் இருபுறமும், காறை எலும்புக்கு மேலும் ஒரே சீராக ஒளி தெரிந்தது. தசை இறுக்கம் என்று டாக்டர்கள் முதலில் கருதினார்கள். பெட் ஸ்கேனும் சி.டி. ஸ்கேனும் ஒரே கருவியில் இணைந்தபோது உண்மை புலப்பட்டது. ஒளிர்ந்தது தசையல்ல, கொழுப்பு!

2009-இல் அமெரிக்காவின் பாஸ்டன், நெதர்லாந்தின் மாஸ்ட்ரிக்ட், பின்லாந்தின் துர்க்கு ஆகிய நகரங்களின் ஆய்வுக் குழுக்கள் இதை உறுதி செய்தன. மாஸ்ட்ரிக்டில் 24 ஆண்களை 16 டிகிரி குளிரில் வைத்துப் படம் எடுத்ததில், 23 பேருக்குப் பழுப்புக் கொழுப்பு ஒளிர்ந்தது. பருமனானவர்களைவிட ஒல்லியானவர்களுக்கே அது அதிகம் வேலை செய்தது. துர்க்குவில் அந்த இடத்துத் திசுவையே எடுத்துச் சோதித்தார்கள்.

இதில் டில்லிவாசிகளான நாம் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. நிணநீர்ச் சுரப்பிகளைத் தாக்கும் புற்றுநோயும் கழுத்துப் பகுதியில் வருவதுண்டு. பழுப்புக் கொழுப்பின் ஒளி நோய்போலத் தோன்றலாம். அருகிலுள்ள சிறு கட்டியை மறைக்கவும் கூடும். ஆகவே ஜனவரிக் குளிரில் வீட்டுப் பெரியவரை ஸ்கேனுக்கு அழைத்துச் சென்றால், ஸ்வெட்டர், சால்வை, குல்லா எல்லாம் போட்டு அழைத்துச் செல்லுங்கள். ஊசி போட்டபின் காத்திருக்கும் நேரத்திலும் குளிர்ந்தால், தயங்காமல் கம்பளி கேட்டு வாங்குங்கள்.

ரிப்போர்ட்டில் 'கழுத்தில் ஒளி' என்று கண்டதுமே கலங்க வேண்டாம். அது நோயா, குளிரா என்று சி.டி. படத்தோடு ஒப்பிட்டுச் சொல்ல வேண்டியவர் டாக்டர்தான்.

இன்னொரு வார்த்தை. பழுப்புக் கொழுப்பு இருக்கிறதா என்று அறிவதற்காகவே யாரும் இந்த ஸ்கேன் எடுத்துக்கொள்ள வேண்டாம். கதிரியக்கமும் செலவும் விளையாட்டல்ல. உடல் இளைக்க, நமக்கு நடைப்பயிற்சியே போதும்.