வைக்கோலில் வேகும் மரபரிசி



மார்கழியும் தையும் டெல்டாவில் எங்களுக்கு ஓய்வு இல்லாத மாதங்கள். சம்பாக் கதிர் தலை சாய்ந்து நிற்கும். ஆள் பிடிக்கணும், அறுக்கணும், அடிக்கணும், தூத்தணும், காயப் போடணும். விடிகாலைப் பனியில் வயலுக்குப் போய் வந்தால் சளியும் இருமலும் வீட்டில் ஒவ்வொருவராகச் சுற்றி வரும். இந்த நேரத்தில் வயிற்றுக்குச் சூடாக, உடம்புக்குத் தெம்பாக ஏதாவது இருந்தால்தான் வேலை ஓடும்.

அதற்கான அரிசியை விளைவிப்பவர்கள் நாம்தான். ஆனாலும் மாப்பிள்ளைச் சம்பாவும் காட்டுயானமும் போடுகிற பல வீடுகளில் உலையில் கொதிப்பது கடையில் வாங்கிய வெள்ளை அரிசி. மரபரிசி மூட்டை கட்டி நகரத்துக்குப் போய்விடுகிறது. ஏன் என்று கேட்டால் பெண்கள் ஒளிக்காமல் சொல்வார்கள். "அது வேகறதுக்குள்ள பொழுது ஏறிடும். கேஸுக்குக் காசு யாரு குடுக்கறது? அறுப்பு நேரத்துல அடுப்பு முன்னாடி யாரு நிக்கிறது?"

நியாயமான கேள்வி. மேடையில் மரபு உணவைப் பற்றிப் பேசுபவர்களில் எத்தனை பேர் அடுப்படியில் நிற்கிறார்கள்? தற்சார்பு என்ற பேரில் வீட்டுப் பெண் முதுகில் இன்னொரு மூட்டையை ஏற்றினால் அது நிலைக்காது. எங்கள் வீட்டில் இதற்கான விடை களத்துமேட்டிலேயே கிடந்தது. அதுதான் வைக்கோல்.

நெல்தாள் உள்ளே குழலாக இருக்கும். அந்தக் குழலுக்குள்ளும் தாளுக்குத் தாள் இடையிலும் காற்று அடைந்து நிற்கும். அடைந்த காற்றைத் தாண்டிச் சூடு சீக்கிரம் வெளியேறாது. கொதித்த பானையை வைக்கோலுக்குள் புதைத்தால் உள்ளிருக்கிற சூட்டிலேயே மிச்சமும் வெந்துவிடும். அரிசி வேகச் சூடுதான் வேணும், கடைசிவரை தீ எரியணும்னு அவசியமில்லை.

செய்வது எளிது. அரை நாள் வேலை.

நீங்கள் சமைக்கிற பானையைவிடப் பெரிய மூங்கில் கூடை ஒன்று எடுங்கள். பானையைச் சுற்றி எல்லாப் பக்கமும் நாலு விரற்கடையாவது இடம் வேணும். வைக்கோலை இரண்டு நாள் நல்ல வெயிலில் காய வையுங்கள். ஈரமோ பூஞ்சணமோ பட்டது வேண்டாம். அடியில் நாலு விரற்கடைக்கு அழுத்தி நிரப்பி, நடுவில் பானையை வைத்து, சுற்றிலும் இறுக்கமாகத் திணியுங்கள். பானையை எடுத்தால் குருவிக்கூடு மாதிரி பள்ளம் நிற்கும். அதன்மேல் பழைய பருத்தி வேட்டியை விரித்து, கூடை விளிம்போடு சணல் நூலால் தைத்துவிட்டால் வைக்கோல் உதிராது. பழைய தலையணை உறைக்குள் வைக்கோல் அடைத்து வாயைத் தைத்தால் அதுவே மேல்மூடி. காய்ந்த நொச்சி இலையைக் கலந்து போட்டால் பூச்சி அண்டாது. தையல் வேலையைப் பிள்ளைகளிடம் கொடுங்கள். கோணல்மாணலாக வந்தாலும் சூடு நிற்கும்.

இனி கஞ்சி. நாலைந்து பேருக்கு மாப்பிள்ளைச் சம்பா நொய் 1 டம்ளர், பாசிப்பயறு கால் டம்ளர், வெந்தயம் 1 தேக்கரண்டி. மூன்றையும் இரவே ஊறப் போடுங்கள். காலையில் ஊறிய நீரை வடித்துவிட்டு 6 டம்ளர் தண்ணீர், 10 பல் பூண்டு, தட்டிய சுக்கு ஒரு துண்டு சேர்த்து அடுப்பில் ஏற்றுங்கள். 15 நிமிடம் தளதளவென்று கொதிக்கட்டும். இறக்கி, பானையின் அடியில் கங்கு ஒட்டியிருக்கிறதா என்று பார்த்து ஈரத்துணியால் துடையுங்கள். ஒரு பொறி போதும், கூடை எரிந்துவிடும். மூடியைத் திறக்காமல் கூடையில் வைத்து, மேலே வைக்கோல் தலையணையை அழுத்துங்கள். பால் கறந்து, சாணி அள்ளி, வயலை ஒரு சுற்று பார்த்து வர ஒன்றரை மணி நேரம் ஆகுமில்லையா? அதற்குள் கஞ்சி குழைந்திருக்கும். உப்பும் ஒரு டம்ளர் தேங்காய்ப்பாலும் கலந்து குடிக்கலாம்.

முழு அரிசிச் சோற்றுக்கும் இதே முறைதான். இரவு ஊற வைத்து, அடுப்பில் 20 நிமிடம், கூடையில் 2 மணி நேரம். ஆவி வெளியே போகாததால் வழக்கத்தைவிடத் தண்ணீர் கொஞ்சம் குறைவாக வையுங்கள். பானை முக்கால் பங்காவது நிறைந்திருக்கணும். அரைப்பானை சீக்கிரம் ஆறிவிடும். முக்கியமாக, 3 மணி நேரத்துக்கு மேல் கூடைக்குள் விட வேண்டாம். வெதுவெதுப்பில் கிடந்தால் சோறு கெடும். திறக்கும்போது ஆவி பறக்கவில்லை என்றால் ஒரு கொதி விட்டுத்தான் சாப்பிடணும்.

தொட்டுக்கொள்ளக் கொள்ளுத் துவையல். அரை டம்ளர் கொள்ளை வாசம் வரும்வரை வறுத்து, 4 காய்ந்த மிளகாய், 3 பல் பூண்டு, சிறு புளி, ஒரு பிடி தேங்காய், உப்பு வைத்துக் கரகரப்பாக அரைத்தால் போதும். வேலியில் தூதுவளை இருந்தால் முள் நீக்கி, நெய்யில் வதக்கி ரசத்தில் போடுங்கள். இருமலுக்கு இதமாக இருக்கும்.

இதெல்லாம் நடக்க நல்ல வைக்கோல் வேணுமே! அறுவடை எந்திரம் போன வயலில் தாள் நசுங்கிச் சிதைந்து கிடக்கும். குட்டை ரகங்களில் தாளே குட்டை. மரபு நெல்லைக் கையால் அறுத்தால்தான் நீளமான, முறியாத தாள் கிடைக்கும். கூடைக்கு மட்டுமா? லேசாகத் தண்ணீர் தெளித்துப் பிரி முறுக்கிச் சுற்றினால் பானை உட்காரப் பிரிமணை. சாக்கில் அடைத்தால் குளிர்ந்த தரையில் பிள்ளைகளுக்குப் படுக்கை. முற்றிய கதிரை ஒரு முழத் தாளோடு அறுத்துப் பின்னி இறவாணத்தில் தொங்கவிட்டால் குருவிக்குத் தீனி. "தாளை வித்தவன் மாட்டையும் விப்பான்"னு எங்க அத்தை சொல்வாங்க. மாட்டோடு வீட்டுக்கும் தாள் வேணும்னு நான் சேர்த்துக்கொள்கிறேன்.

வயல் முழுக்கக் கையால் அறுக்க இன்று ஆள் கிடைக்காது, தெரியும். அதனால் ஒரு பத்து குழியை மட்டும் வீட்டுக்கென்று ஒதுக்குங்கள். அதைக் குடும்பமாக இறங்கி அறுத்துவிடலாம். அந்த நெல் குதிருக்கு, அந்தத் தாள் கூடைக்கு. வீட்டுக்கு எடுத்து வைத்தபிறகு மற்றதற்கு விலை பேசுங்கள். நாம் சாப்பிடும் அரிசியைப் பற்றி வாங்க வருபவரிடம் சொல்ல நமக்கும் நாலு வார்த்தை இருக்கும்.