ஆறாத புண்ணும் குருதியில் உள்ள பொறியும்

"கழுவிக் கட்டியும் ஏன் ஆறுதில்லை?" முள்ளந்தண்டில் எறிகணைச் சிதறல் பட்டு இடுப்புக்குக் கீழ் இயக்கமற்றுப்போன பலர் என்னிடம் கேட்கும் கேள்வி இது. 2009 இற்குப் பின் இத்தனை ஆண்டுகள் கழிந்தும் படுக்கைப்புண் அவர்களை விடவில்லை. விடையின் ஒரு பகுதி எங்கள் குருதியிலேயே இருக்கிறது.

காயம் பட்ட இடத்தில் வெண்குழியங்கள் திரள்கின்றன. கிருமிகளையும் இறந்த தசையையும் அகற்றுவதற்காக, புரதத்தைச் சமிபாடடையச் செய்யும் நொதியங்களை அவை வெளிவிடுகின்றன. இந்த நொதியங்களுக்கு நல்லது கெட்டது தெரியாது. வேலை முடிந்தும் நின்றால் புதிதாக வளரும் இழையத்தையும் அரித்துவிடும்.

அவற்றை அடக்கும் புரதங்களில் ஒன்று அல்பா-2-மக்ரோகுளோபுலின். பெரும்பாலும் ஈரலில் உருவாகும் இது, நான்கு ஒத்த சங்கிலிகளால் ஆன பெரிய புரதம். இதன் நடுவே இரை போன்ற ஒரு பகுதி உண்டு. நொதியம் அந்த இரையைக் கடித்தவுடன் புரதத்தின் வடிவம் மாறி, நொதியத்தைச் சுற்றி மூடிக்கொள்கிறது. எலிக்கூட்டில் அகப்பட்ட எலி உயிரோடுதான் இருக்கும். ஆனால் வெளியே உள்ள நெல்மூட்டையைத் தொட முடியாது. அதுபோல், அகப்பட்ட நொதியத்தால் சிறு துண்டுகளை வெட்ட முடிந்தாலும் பெரிய புரதங்களை நெருங்க முடியாது.

கூடு மூடியதும், அதுவரை மறைந்திருந்த ஓர் அடையாளம் வெளியே தெரிகிறது. ஈரற் கலங்கள் அதை இனங்கண்டு, சில நிமிடங்களிலேயே கூட்டையும் எலியையும் சேர்த்து உள்ளிழுத்து அழிக்கின்றன. ஒரு கூடு ஒருமுறைதான் பயன்படும்.

சிக்கல் இங்கேதான். ஒரே இடம் தொடர்ந்து அழுத்தப்பட்டால் தசை இறக்கிறது, கிருமி பெருகுகிறது, வெண்குழியங்கள் ஓயாமல் வருகின்றன. ஆறாத காற்புண்களின் நீரைப் பரிசோதித்த ஆய்வாளர்கள், இத்தகைய காவற் புரதங்களே அங்கு சிதைந்திருப்பதைக் கண்டனர். நொதியங்களின் கை ஓங்கிவிடுகிறது. ஆகவே புண் ஆறாததற்கு நோயாளியின் சோம்பலையோ வீட்டாரின் கவனக்குறைவையோ மட்டும் குறைசொல்வது நியாயமில்லை.

எங்களால் செய்யக்கூடியது நொதியங்களின் வரவைக் குறைப்பது. படுக்கையில் இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை புரட்டிவிடுங்கள். சக்கர நாற்காலியில் இருப்பவர் அடிக்கடி உடலைத் தூக்கி அழுத்தத்தை விடுவிக்க வேண்டும். இறந்த தசையைக் கிளினிக்கில் அகற்றுவியுங்கள். நீரிழிவு இருந்தால் கட்டுப்படுத்துங்கள். முட்டை, மீன், பருப்பு உணவில் இருக்கட்டும்.

காற்று மெத்தையும் வீடு தேடி வரும் தாதியும் இந்தச் சிகிச்சையின் பகுதிகள். அவற்றைத் தர்மமாக அல்ல, உரிமையாகவே நாங்கள் கேட்க வேண்டும்.