ஏ.எம்.எச். சொல்வதும் சொல்லாததும்

கல்யாணமாகி மூன்று மாதம்கூட ஆகியிருக்காது, "விசேஷம் ஏதும் உண்டாம்மா?" என்று ஆரம்பித்துவிடுவார்கள். கோயில், கல்யாண மண்டபம், ஏன், துக்க வீட்டில்கூட இந்தக் கேள்விக்கு விடுமுறை கிடையாது. கிள்ளான் பள்ளத்தாக்கில் இப்போது இதற்கு ஓர் எண் பதிலாக வந்து உட்கார்ந்திருக்கிறது: ஏ.எம்.எச். ஒரு குழாய் ரத்தம் கொடுத்தால் போதும், சில நாளில் அறிக்கை கைப்பேசிக்கே வந்துவிடும். 0.8 என்று வந்தால் வீடே இடிந்து உட்கார்ந்துவிடுகிறது. 8 என்று வந்தால் மாமியார் முகத்தில் வெளிச்சம். இரண்டுமே அவசரப்பட்ட முடிவுகள்.

முதலில் அளவைக் குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். சில ஆய்வுக்கூடங்கள் இதை மில்லிலிட்டருக்கு இத்தனை நானோகிராம் என்று தருகின்றன. வேறு சில, லிட்டருக்கு இத்தனை பிகோமோல் என்று தருகின்றன. முதல் கணக்கில் 1 என்பது இரண்டாவது கணக்கில் ஏறக்குறைய 7. பிரிக்ஃபீல்ட்ஸில் எடுத்த தன் அறிக்கையையும் கிள்ளானில் தங்கை எடுத்த அறிக்கையையும் பக்கத்தில் வைத்துப் பார்த்து அழுவதற்கு முன்னால், எண்ணுக்குப் பின்னால் அச்சாகியிருக்கும் அந்தச் சின்ன எழுத்துகளைப் படிக்க வேண்டும்.

முழுப் பெயர் ஆன்டி முல்லேரியன் ஹார்மோன். இதன் வரலாறு ஆண் கருவிலிருந்து தொடங்குகிறது. வயிற்றில் வளரும் ஆண் சிசுவிடம் கருப்பை உருவாகாமல் தடுக்கும் ஒரு பொருள் விந்தகத்திலிருந்து சுரக்கிறது என்பதை, பிரான்சின் ஆல்ஃபிரட் ஜோஸ்ட் 1940களின் இறுதியில் முயல் கருக்களை வைத்துக் கண்டறிந்தார். பெண்களிடமும் அது சுரக்கிறது, அதுவும் சினைப்பையில் வளரத் தொடங்கிய சின்னஞ்சிறு முட்டைப் பைகளிலிருந்து சுரக்கிறது என்பது வெகுகாலம் கழித்துத்தான் தெரிந்தது. அந்தப் பைகள் அதிகம் இருந்தால் ஹார்மோன் அதிகம், குறைந்தால் குறைவு. பானையில் எவ்வளவு அரிசி மிச்சம் என்று அது சொல்லும். அரிசி நல்லதா, புழுத்ததா என்று சொல்லாது.

அந்த இருப்பு பெண் பிறக்கும் முன்பே தீர்மானமாகிவிடுகிறது. தாயின் வயிற்றில் ஐந்தாம் மாதத்தில் பெண் சிசுவின் சினைப்பைகளில் 60, 70 லட்சம் கருமுட்டைகள் இருக்கும். பிறக்கும்போது 10 முதல் 20 லட்சம். வயதுக்கு வரும்போது மூன்று, நான்கு லட்சம். வாழ்நாள் முழுவதும் மாதம் ஒன்றாக வெளிவருவது 400 அல்லது 500தான். மீதி அத்தனையும் சத்தமில்லாமல் தாமாகவே அழிந்துபோகின்றன. கருத்தடை மாத்திரை சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும், பிள்ளை பெற்றாலும் பெறாவிட்டாலும் இந்தக் கரைதல் நிற்பதில்லை. 2004இல் ஜொனதன் டில்லியின் குழு எலிகளின் சினைப்பையில் புதிய முட்டைகள் உருவாவதாக 'நேச்சர்' இதழில் எழுதி உலகைப் பரபரப்பாக்கியது. மனிதரிடம் அப்படி நடக்கிறது என்பதை இன்றுவரை யாரும் ஐயத்துக்கிடமின்றி நிறுவவில்லை.

எண் குறைந்திருந்தால் கர்ப்பம் தரிக்காதா? அமெரிக்காவில் ஆன் ஸ்டைனர் தலைமையிலான குழு இதைத்தான் நேரடியாகச் சோதித்தது. 30 முதல் 44 வயது வரையுள்ள, குழந்தையின்மைப் பிரச்சினை எதுவும் இருந்திராத சுமார் 750 பெண்கள். எல்லோரும் அப்போதுதான் குழந்தைக்கு முயலத் தொடங்கியவர்கள். ஏ.எம்.எச். குறைவாக இருந்தவர்களும் சரியாக இருந்தவர்களும், ஓராண்டுக்குள் ஏறக்குறைய ஒரே அளவில்தான் கருத்தரித்தார்கள். 2017இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் வெளியான இந்த முடிவு, யோசித்துப் பார்த்தால் வியப்புக்குரியதல்ல. மாதம் ஒரு முட்டை வெளிவந்தால் போதும்; கிடங்கில் எத்தனை காத்திருக்கின்றன என்பது அந்த மாதத்துக்குத் தேவையில்லாத தகவல்.

தேவைப்படுவது ஐ.வி.எஃப். எனும் சோதனைக் குழாய்ச் சிகிச்சையில். பத்துப் பன்னிரண்டு நாள் ஊசி போட்டு ஒரே மாதத்தில் பல முட்டைகளை வளரவைக்கிறார்களே, அங்கே எத்தனை முட்டை கிடைக்கும், மருந்தை எவ்வளவு கூட்டலாம், எங்கே நிறுத்தாவிட்டால் சினைப்பை வீங்கி வயிற்றில் நீர் கோத்துக்கொள்ளும் என்று மருத்துவர் கணக்குப் போட இந்த எண் உதவும். புற்றுநோய் மருந்துக்கு முன் முட்டையை எடுத்து உறையவைக்க வருபவர்களுக்கும் உதவும். நேற்றுக் கல்யாணமான 27 வயதுப் பெண்ணின் ஜாதகத்தை இதில் பார்க்க முடியாது.

உண்மையான கடிகாரம் வயதுதான். முட்டைக்கும் அதைச் சுமப்பவளின் வயதேதான். ஆண்டுகள் ஏற ஏற அதன் குரோமோசோம்கள் சரியாகப் பிரியாமல் போகும் வாய்ப்பு கூடுகிறது. பிரிட்டனின் கருத்தரிப்புக் கட்டுப்பாட்டு ஆணையம் வெளியிட்ட 2021ஆம் ஆண்டுக் கணக்கில், சொந்த முட்டையிலிருந்து உருவான ஒரு கருவைக் கருப்பையில் வைத்தால் கர்ப்பம் தரித்தது 18–34 வயதினரில் 41 விழுக்காடு, 43–44 வயதினரில் வெறும் 6 விழுக்காடு. ஆய்வுக்கூடம் எவ்வளவு நவீனமாக இருந்தாலும் இந்தச் சரிவை நிமிர்த்த முடியவில்லை. 35 வயதுக்குக் கீழே என்றால் ஓராண்டு முயன்று பார்த்துவிட்டு மருத்துவரிடம் போங்கள், 35ஐத் தாண்டினால் ஆறு மாதம், 40 என்றால் காத்திருக்கவே வேண்டாம் என்ற மருத்துவ நடைமுறை இதிலிருந்து வந்ததே.

நம்மவர்களுக்கு ஒரு கூடுதல் செய்தி உண்டு. 2014இல் வெளியான ஓர் ஆய்வு, ஐ.வி.எஃப்.புக்கு வந்த இந்தியப் பெண்களையும் ஸ்பெயின் பெண்களையும் ஒப்பிட்டது. இந்தியப் பெண்களின் சினைப்பை இருப்பு ஏறத்தாழ ஆறு ஆண்டு முன்னதாகவே குறைந்திருந்தது. இது சிகிச்சை தேடி வந்தவர்களிடம் எடுத்த கணக்கு. கிள்ளானில் மூன்று தலைமுறையாக வாழும் தமிழ்ப் பெண்ணுக்கு அப்படியே பொருந்தும் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் 'முப்பத்தெட்டில் பார்த்துக்கொள்ளலாம்' என்று தள்ளிப்போடுபவர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய ஆய்வு.

இனி அந்த 8க்கு வருவோம். எண் பெரிதாக இருப்பது பல நேரம் பி.சி.ஓ.எஸ்.ஸின் அடையாளம். சாதாரணமாக 'நீர்க்கட்டி' என்கிறோம். உண்மையில் அவை பாதி வளர்ச்சியில் நின்றுபோன முட்டைப் பைகள். வெட்டி எடுக்க வேண்டியவை அல்ல. பைகள் ஏராளம், அதனால் எண்ணும் ஏராளம். ஆனால் முட்டை மாதாமாதம் வெடித்து வெளிவருவதில்லை. மாதவிடாய் 40 நாள், 60 நாள் என்று தள்ளிப்போகும். இதன் வேர் பெரும்பாலும் இன்சுலின் சரியாக வேலை செய்யாததில் இருக்கிறது. அங்கேதான் மலேசிய இந்தியர்களுக்கு உறுத்தல். 2019 தேசிய சுகாதார ஆய்வில் நாட்டின் வயது வந்தோரில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு. இந்தியர்களில் மட்டும் 31.4 விழுக்காடு. அப்பாவின் சர்க்கரையும் மகளின் தள்ளிப்போகும் மாதவிடாயும் ஒரே குடும்பக் கதையின் இரண்டு அத்தியாயங்களாக இருக்கக்கூடும்.

நல்ல சேதி என்னவென்றால், இதற்கு நேரே ஐ.வி.எஃப். தேவைப்படுவதில்லை. உடல் எடை அதிகமுள்ளவர்கள் அதில் ஐந்து, பத்து விழுக்காட்டைக் குறைத்தாலே பலருக்கு முட்டை வெளிவரத் தொடங்கும். அடுத்தது மாத்திரை. 2014இல் அமெரிக்காவில் பி.சி.ஓ.எஸ். உள்ள 750 பெண்களிடம் லெட்ரோசோலையும் பழைய குளோமிஃபினையும் கொடுத்து ஒப்பிட்டார்கள். லெட்ரோசோல் எடுத்தவர்களில் 27.5 விழுக்காட்டினருக்குக் குழந்தை பிறந்தது, மற்றவர்களில் 19.1. மார்பகப் புற்றுநோய்க்காக வந்த மாத்திரை இது, விலையும் அதிகமில்லை. இந்தப் படிகளைத் தாண்டாமலே லேப்பராஸ்கோப்பி, ஐ.வி.எஃப். என்று யாராவது இழுத்தால் இன்னொரு மருத்துவரிடம் கேட்பது தப்பே இல்லை.

பணம் பெரிய விஷயம். தனியார் மையத்தில் ஒரு சுற்று ஐ.வி.எஃப். மருந்தோடு சேர்த்து ஏறக்குறைய 15,000 முதல் 25,000 வெள்ளி ஆகிறது. கருவை உறையவைப்பது, மரபணுச் சோதனை எல்லாம் தனி. 2020 ஜனவரி முதல் ஊழியர் சேமநிதியிலிருந்து இதற்குப் பணம் எடுக்கலாம். அப்போது மாதச் சந்தாவில் 30 விழுக்காடு சேர்ந்துகொண்டிருந்த இரண்டாம் கணக்கிலிருந்து எடுத்தார்கள். 2024 மே மாத மாற்றத்துக்குப் பிறகு அதன் இடத்துக்கு வந்த 'செஜாத்ரா' கணக்கில் புதிதாகச் சேர்வது 15 விழுக்காடுதான். இரண்டாவது சுற்றுக்குக் கை வைக்கலாம் என்று நினைப்பவர்கள் இருப்பைப் பார்த்துவிட்டு நினைப்பது நல்லது. வருமான வரியிலும் மருத்துவச் செலவுக் கழிவில் கருத்தரிப்புச் சிகிச்சை சேரும். ராஜா லாவுட் சாலையில் இருக்கும் தேசிய மக்கள்தொகை, குடும்ப மேம்பாட்டு வாரியத்தின் கிளினிக், செராஸிலுள்ள தேசியப் பல்கலைக்கழக மருத்துவமனை, மலாயாப் பல்கலைக்கழக மருத்துவ மையம் ஆகியவை தனியார் கட்டணத்துக்கு அஞ்சுபவர்கள் முதலில் தட்ட வேண்டிய கதவுகள். காத்திருக்க வேண்டியிருக்கும் என்பதால் சீக்கிரமே தட்டவேண்டும்.

சென்னைக்குப் பறப்பவர்களும் உண்டு. மொழி, உறவு, திருத்தணி வேண்டுதல் எல்லாம் ஒரே பயணத்தில் முடியும். நடிகர் ஜெமினி கணேசனின் மகளான டாக்டர் கமலா செல்வராஜ் 1990இல் தென்னிந்தியாவின் முதல் சோதனைக் குழாய்க் குழந்தையைப் பிறக்கவைத்த ஊர் அது. ஆனால் இந்தியாவில் 2021இல் வந்த சட்டங்களுக்குப் பிறகு நிலைமை வேறு. வாடகைத் தாய் முறை வெளிநாட்டவருக்குக் கிடையாது. முட்டை தானம் செய்பவர் வாழ்நாளில் ஒரே முறைதான் தரலாம். மலேசியாவில் இன்னும் தனிச் சட்டமே இல்லை. மலேசிய மருத்துவ மன்றத்தின் 2006 வழிகாட்டியை வைத்துத்தான் வண்டி ஓடுகிறது. அந்த வழிகாட்டியும் ஆணா பெண்ணா என்று பார்த்துக் கருவைத் தேர்ந்தெடுப்பதற்கு, பரம்பரை நோயைத் தவிர்க்கும் நோக்கம் தவிர, இடம் தரவில்லை.

விற்பனைக்கு வைத்திருக்கும் 'கூடுதல்' சேவைகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. கருப்பை உட்சுவரை லேசாகச் சுரண்டிவிட்டால் கரு ஒட்டும் என்று பல ஆண்டுகள் காசு வாங்கினார்கள். 2019இல் 1,364 பெண்களிடம் நடந்த ஆய்வு, அதனால் ஒரு பயனும் இல்லை என்று காட்டியது. சொந்த ரத்தத்தின் தட்டணுக்களைச் சினைப்பையில் ஊசியாகப் போட்டு 'இளமை திருப்புவது' இன்னும் சோதனை நிலையைத் தாண்டவில்லை. சோதனை என்றால் நோயாளி காசு கொடுக்கக்கூடாது என்பது என் கட்சி.

இத்தனை பேச்சிலும் ஓர் ஆள் சௌகரியமாக மறைந்திருக்கிறார். பத்துமலையில் 272 படி ஏறிக் கரும்புத் தொட்டில் காவடி எடுக்கும்போது கணவனும் கூடவே தோள் கொடுக்கிறான். சஷ்டி விரதத்தையும் ரத்தப் பரிசோதனையையும் மட்டும் அவள் தனியாகச் செய்துகொண்டிருக்கிறாள். குழந்தையில்லாத தம்பதிகளில் ஏறக்குறைய பாதிப் பேரிடம் ஆணின் பங்கும் இருக்கிறது. விந்துப் பரிசோதனைக்கு ஊசி இல்லை, மயக்க மருந்து இல்லை, ஏ.எம்.எச்.சை விட மலிவாகவே முடிந்துவிடும். இரண்டு முதல் ஏழு நாள் உடலுறவு இல்லாமல் இருந்துவிட்டு மாதிரி கொடுத்தால் போதும். முடிவு மோசமாக வந்தால் சில வாரங்களோ மூன்று மாதமோ கழித்து இன்னொரு தடவை பார்ப்பார்கள். ஒரு விந்தணு உருவாகி முதிர இரண்டரை மாதத்துக்கு மேல் பிடிக்கும் என்பதால், இடைப்பட்ட காலத்தில் சிகரெட்டை நிறுத்தியதன் பலன் இரண்டாவது அறிக்கையில்தான் தெரியும். எண்ணிக்கை மிகக் குறைவு என்றால், ஒற்றை விந்தணுவை முட்டைக்குள் செலுத்தும் இக்சி முறை 1992 முதல் இருக்கிறது. கிளினிக்கில் முதல் சந்திப்புக்கே இருவரும் சேர்ந்து போனால், அவளுடைய ஏ.எம்.எச். அறிக்கைக்கு முன்னால் அவனுடைய அறிக்கை மேசைக்கு வந்துவிடும்.