கொள்ளையர் கொடி பறக்கும் போர்க்கப்பல்!

காசிமேடு மீன்பிடித் துறைமுகத்துக்குப் போயிருக்கிறீர்களா, குட்டீஸ்? வரிசையாகக் கட்டிக் கிடக்கும் விசைப்படகுகளைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். சாமி பெயர், அம்மா பெயர், குழந்தைகளின் பெயர் என்று ஏதாவது ஒரு பெயரைப் படகில் எழுதியிருப்பார்கள். பெயர் இல்லாத படகைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும்!

படகுக்கே பெயர் உண்டு என்றால், பென்னாம்பெரிய போர்க்கப்பலுக்கு இல்லாமல் இருக்குமா? 2017-ம் ஆண்டு ஜூலை மாதம் இந்தியா, அமெரிக்கா, ஜப்பான் ஆகிய மூன்று நாட்டுக் கடற்படைகளும் சேர்ந்து 'மலபார்' என்ற கூட்டுப் பயிற்சியை நடத்தின. முதல் சில நாட்கள் சென்னையில் கூட்டங்களும் சந்திப்புகளும் நடந்தன. பிறகு கப்பல்கள் எல்லாம் வங்காள விரிகுடாவுக்குள் சென்று பயிற்சி செய்தன. அவற்றில் ஒன்றுதான் அமெரிக்காவின் 'கிட்'. ஒரு மனிதரின் பெயரைத் தாங்கிய கப்பல் இது.

இந்தக் கப்பலுக்கு ஒரு விசேஷம் உண்டு. மண்டை ஓடு போட்ட கடற்கொள்ளையர் கொடியைப் பறக்கவிட இதற்கு அனுமதி இருக்கிறது! அரசாங்கத்தின் போர்க்கப்பலில் கொள்ளையர் கொடியா? கதை கொஞ்சம் நீளம். வாருங்கள், ஆரம்பத்திலிருந்து பார்ப்போம்.

நாசகாரி என்றால் என்ன?

'கிட்' ஒரு நாசகாரிக் கப்பல். ஆங்கிலத்தில் 'டெஸ்ட்ராயர்' என்பார்கள். சுமார் 130 ஆண்டுகளுக்கு முன்பு, நீருக்குள் பாயும் டார்பிடோ குண்டுகளைச் சுமந்துகொண்டு சின்னச் சின்னப் படகுகள் வந்து பெரிய கப்பல்களைத் தாக்கும். அந்தப் படகுகளை விரட்டி அழிக்க வேகமான கப்பல்கள் தேவைப்பட்டன. அப்படிப் பிறந்தவைதான் நாசகாரிகள். பிறகு நீர்மூழ்கிக் கப்பல்களை வேட்டையாடுவது, விமானங்களைச் சுடுவது, பெரிய கப்பல்களுக்குக் காவல் போவது என்று இவற்றின் வேலை பெருகிக்கொண்டே போனது.

வேகமாக ஓட வேண்டும் என்பதால் அந்தக் காலத்து நாசகாரிகளின் உடம்புத் தகடு மெல்லியதாக இருக்கும். அதனால் அமெரிக்க மாலுமிகள் இவற்றுக்கு வைத்த செல்லப் பெயர் என்ன தெரியுமா? 'தகர டப்பா'!

யார் இந்த கிட்?

ஐசக் கேம்ப்பெல் கிட், அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகரில் 1884-ம் ஆண்டு மார்ச் 26-ம் தேதி பிறந்தவர். கடற்படைக் கல்லூரியில் படித்து, 1906-ல் பட்டம் பெற்றார். 'கிட்' என்ற பெயரில் முன்பு ஒரு பிரபலமான கடற்கொள்ளைக்காரன் இருந்தான். 'கேப்டன் கிட்' என்று பெயர். 1701-ல் லண்டனில் அவனைத் தூக்கில் போட்டார்கள். அந்தப் பெயரை வைத்துக் கல்லூரித் தோழர்கள் ஐசக்கை 'கேப்' என்று கேலியாகக் கூப்பிடுவார்கள். இந்தக் கேலிப் பெயரை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும்!

படிப்படியாக உயர்ந்த கிட், 'அரிசோனா' என்ற மாபெரும் போர்க்கப்பலின் கேப்டன் ஆனார். 1940-ல் ரியர் அட்மிரலாகிப் பல போர்க்கப்பல்கள் கொண்ட ஒரு பிரிவுக்கே தலைமை ஏற்றார். அப்போதும் அவருடைய தலைமைக் கப்பல் அதே 'அரிசோனா'தான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை

1941, டிசம்பர் 7. ஹவாய் தீவுகளில் உள்ள பேர்ல் துறைமுகம். விடுமுறை நாள் காலை என்பதால் மாலுமிகள் பலர் அப்போதுதான் எழுந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தனர். மணி எட்டை நெருங்கியபோது வானத்தில் திடீரென்று ஜப்பான் விமானங்கள்! குண்டுமழை பொழிய ஆரம்பித்தது. இத்தனைக்கும் அன்று காலை வரை இரண்டு நாடுகளுக்கும் இடையே போர் அறிவிக்கப்படவே இல்லை.

முதல் அபாயச் சத்தம் கேட்டதுமே கிட் கப்பலின் கட்டளை மேடைக்கு விரைந்தார். கப்பலைச் செலுத்தவும் உத்தரவுகள் கொடுக்கவும் உள்ள இடம் அது. கப்பலின் உயரமான இடங்களில் ஒன்று. ஆபத்தும் அங்கே அதிகம். துறைமுகத்தில் கப்பலில் இருந்த மூத்த அதிகாரி என்ற முறையில் அங்கிருந்து கடமையைச் செய்தார்.

எட்டு மணி தாண்டிச் சில நிமிடங்கள். ஒரு குண்டு 'அரிசோனா'வின் முன்பக்கத்தைத் துளைத்தது. வெடிமருந்துக் கிடங்கு வெடித்தது. கப்பலே பிளந்துவிட்டது. அந்த ஒரே கப்பலில் 1,177 பேர் இறந்தனர். அவர்களில் 57 வயது கிட்டும் ஒருவர். கப்பலின் கேப்டன் வான் வால்கன்பர்க்கும் அவரோடு இறந்தார்.

கிட்டின் உடல் கிடைக்கவே இல்லை. பிறகு கப்பலுக்குள் தேடியவர்களுக்கு அவருடைய ஒரு பொருள் கிடைத்தது. கடற்படைக் கல்லூரியில் பட்டம் பெற்றவர்கள் அணியும் அவருடைய மோதிரம்! கட்டளை மேடையின் இரும்புச் சுவரில் உருகி ஒட்டியிருந்தது.

இரண்டாம் உலகப் போரில் உயிரிழந்த முதல் அமெரிக்க அட்மிரல் அவர். நாட்டின் மிக உயர்ந்த வீர விருதான 'மெடல் ஆஃப் ஹானர்' அவர் மறைவுக்குப் பிறகு வழங்கப்பட்டது. அப்பா இறந்து 12 நாட்கள்தான் ஆகியிருந்தன. டிசம்பர் 19-ம் தேதி அதே கடற்படைக் கல்லூரியில் பட்டம் பெற்றார் அவருடைய மகன். அவரும் பின்னாளில் அட்மிரல் ஆனார்.

மண்டை ஓட்டுக் கொடி

1943-ம் ஆண்டு பிப்ரவரி 28-ம் தேதி, நியூஜெர்சி மாநிலத்தில் ஒரு புதிய நாசகாரி தண்ணீரில் இறங்கியது. அதற்கு 'கிட்' என்று பெயர். பெயர் சூட்டி வைத்தவர், கணவரை இழந்த திருமதி கிட் அவர்களே!

மாலுமிகளுக்கு ஒரு ஆசை. தங்கள் கப்பலின் பெயரைக் கேட்டால் கொள்ளைக்கார 'கேப்டன் கிட்'டும் ஞாபகத்துக்கு வருகிறானே... கொள்ளையர் கொடியைப் பறக்கவிட்டால் என்ன? ஆனால், உயிரைக் கொடுத்த ஒரு மனிதரின் பெயர் அல்லவா இது? அவரைக் கேலி செய்வதுபோல ஆகிவிடாதா?

திருமதி கிட் என்ன செய்தார் தெரியுமா? கோபப்படவில்லை. தன் கணவரையே தோழர்கள் 'கேப்' என்றுதானே கூப்பிட்டார்கள்! மாலுமிகளுக்காகத் தானே கடற்படையிடம் பேசி அனுமதி வாங்கிக் கொடுத்தார். அப்புறம் என்ன... கப்பலின் புகைபோக்கியில் பெரிதாக ஒரு கொள்ளைக்காரன் படத்தையே வரைந்துவிட்டார்கள்! 'பசிபிக் கடலின் கொள்ளையர்' என்ற பட்டப் பெயரும் வந்து சேர்ந்தது.

ஐஸ்கிரீம் கொடுத்தால்தான் விமானி!

கொள்ளையர் என்றால் பணயத் தொகை கேட்க வேண்டாமா? விமானந்தாங்கிக் கப்பல்களில் இருந்து கிளம்பும் விமானங்கள் சில சமயம் கடலில் விழுந்துவிடும். தத்தளிக்கும் விமானியை நாசகாரிகள் தூக்கிக் காப்பாற்றும். விமானந்தாங்கிக் கப்பலில் ஐஸ்கிரீம் செய்யும் இயந்திரம் உண்டு. சின்ன நாசகாரியில் கிடையாது. அதனால் 'கிட்' மாலுமிகள், "ஐஸ்கிரீம் அனுப்பினால்தான் உங்கள் விமானி திரும்ப வருவார்" என்று விளையாட்டாக மிரட்டுவார்களாம். ஐஸ்கிரீமும் வந்துவிடுமாம்!

ஆனால், போர் விளையாட்டு இல்லையே. 1945-ம் ஆண்டு ஏப்ரல் 11-ம் தேதி, ஒகினாவா தீவுக்கு அருகே ஜப்பானின் தற்கொலைப்படை விமானம் ஒன்று 'கிட்' மீது மோதியது. 38 மாலுமிகள் இறந்தனர். 55 பேர் காயமடைந்தனர். கப்பல் மூழ்கவில்லை. பழுது பார்த்து, பிறகு கொரியப் போரிலும் பணியாற்றி, 1964-ல் ஓய்வு பெற்றது. பின்னாளில் லூசியானா மாநிலத்தின் பேட்டன் ரூஜ் நகரில், மிசிசிப்பி ஆற்றங்கரையில் அருங்காட்சியகமானது.

மூன்று பெயர் கண்ட கப்பல்

இரண்டாவது 'கிட்'டின் கதை வேடிக்கையானது. ஈரான் மன்னர் ஷா தன் கடற்படைக்காக அமெரிக்காவில் நான்கு நாசகாரிகள் செய்யச் சொல்லியிருந்தார். அவற்றில் ஒன்றுக்கு 'கூரூஷ்' என்று பழைய பாரசீகப் பேரரசரின் பெயரும் வைத்தாகிவிட்டது. 1979-ல் ஈரானில் புரட்சி வெடித்தது. மன்னர் ஆட்சி போனது. கப்பல்களை அமெரிக்காவே எடுத்துக்கொண்டது. பசிபிக் போரில் உயிரிழந்த நான்கு அட்மிரல்களின் பெயர்களை அவற்றுக்குச் சூட்டியது. 'கூரூஷ்' இப்போது 'கிட்' ஆனது!

பிறகு அந்தக் கப்பல் தைவானுக்கு விற்கப்பட்டது. அங்கே 'ட்சோ யிங்' என்று மூன்றாவது பெயர்!

கொள்ளையரைப் பிடித்த 'கொள்ளையர்' கப்பல்

சென்னைப் பயிற்சிக்கு வந்தது மூன்றாவது 'கிட்'. நீளம் சுமார் 155 மீட்டர். 2005-ல் பெயர் சூட்டியவர்கள் அட்மிரல் கிட்டின் பேத்திகள் இருவர். அதே ஆண்டு கத்ரினா சூறாவளியில் சேதமடைந்து, சரிசெய்யப்பட்டு, 2007-ம் ஆண்டு ஜூன் 9-ம் தேதி பணியில் சேர்ந்தது.

2012 ஜனவரி. ஹோர்முஸ் ஜலசந்தி விவகாரத்தில் அமெரிக்காவுக்கும் ஈரானுக்கும் கடும் மோதல். 'உங்கள் விமானந்தாங்கிக் கப்பல் மறுபடியும் வளைகுடாப் பக்கம் வரக்கூடாது' என்று ஈரான் எச்சரித்திருந்தது. அந்தக் கப்பலுக்குத் துணையாக வந்த நாசகாரிதான் 'கிட்'.

அரபிக்கடலில் 'அல் மொலாய்' என்ற மீன்பிடிப் படகு மீது அதற்குச் சந்தேகம் வந்தது. படகில் இருந்தவர்கள் 13 ஈரானிய மீனவர்கள். ஒரு மாதத்துக்கும் மேலாகச் சோமாலியக் கொள்ளையர்களின் பிடியில் சிக்கியிருந்தார்கள் பாவம்! கொள்ளையர்கள் அந்தப் படகையே தங்கள் தளமாக வைத்துக்கொண்டு மற்றக் கப்பல்களைத் தாக்கி வந்தனர்.

வானொலியில் 'கிட்' கூப்பிட்டது. கொள்ளையர்கள் பக்கத்திலேயே நிற்கிறார்கள். உண்மையைச் சொன்னால் உயிர் போய்விடும். படகின் கேப்டன் சமயோசிதமாக உருது மொழியில் பேசினார். கொள்ளையர்களுக்கு உருது புரியவில்லை. 'கிட்'டில் உருது தெரிந்தவர் இருந்தார்! ஜனவரி 5-ம் தேதி 'கிட்' வீரர்கள் படகில் ஏறினர். 15 கொள்ளையர்களும் பிடிபட்டனர். 13 மீனவர்களும் உயிர் பிழைத்தனர். அவர்களுக்குச் சாப்பாடும் தண்ணீரும் எரிபொருளும் கொடுத்து ஊருக்கு அனுப்பி வைத்தார்கள்.

இரண்டு அரசாங்கங்களும் முறைத்துக்கொண்டிருந்த நேரம் அது. கடலில் தவிப்பவர் எந்த நாட்டுக்காரர் என்று பார்த்துக் காப்பாற்றுவதில்லை. இந்தக் கடல் தர்மத்தைக் காசிமேட்டு மீனவர்களிடம் கேட்டாலும் சொல்வார்கள்.

2014 மார்ச்சில் 239 பேருடன் காணாமல் போன மலேசிய விமானத்தைத் தேடும் பணியிலும் 'கிட்' ஈடுபட்டது. அந்தமான் பக்கக் கடலிலும் தேடியது.

சென்னைக் கடலில் இரண்டு பெயர்கள்

இப்போது மறுபடியும் 2017 ஜூலைக்கு வருவோம். மலபார் பயிற்சிக்கு ஜப்பான் அனுப்பிய இரண்டு கப்பல்களில் ஒன்று 'சசானாமி'. சிற்றலை என்று அர்த்தம். எவ்வளவு மென்மையான பெயர்!

ஆனால், இதே பெயரில் பழைய ஜப்பானிய நாசகாரி ஒன்று இருந்தது. 1941-ம் ஆண்டு டிசம்பர் 7-ம் தேதி... ஆமாம், கிட் உயிர்விட்ட அதே நாளில், பசிபிக் கடலில் அமெரிக்கர்கள் இருந்த மிட்வே தீவு மீது குண்டு வீசிய இரண்டு கப்பல்களில் ஒன்று அது. 1944-ல் அந்தக் கப்பலும் மூழ்கடிக்கப்பட்டது. அதில் இறந்தவர்களுக்கும் வீட்டில் அம்மாவும் மனைவியும் குழந்தைகளும் காத்திருந்திருப்பார்கள்தானே?

75 ஆண்டுகள் கழித்து அதே இரண்டு பெயர்களும் ஒரே அணியில், நம் சென்னைக்கு அப்பால் உள்ள கடலில்!

பகையைப் பாதுகாத்து வைக்க அந்தப் பெயரைச் சூட்டியிருந்தால், 'கிட்'டால் ஜப்பான் கப்பலோடு அணிவகுத்திருக்க முடியுமா? ஈரானிய மீனவர்களைக் காப்பாற்றியிருக்க முடியுமா? ஆபத்து வந்ததும் தன் இடத்துக்கு ஓடிய ஒரு மனிதரை மறக்கக்கூடாது என்பதற்காகத்தான் அந்தப் பெயர். அதற்கு மேல் அந்தப் பெயருக்குக் கிடைத்த புகழ் எல்லாம், பின்னால் வந்த மாலுமிகள் சம்பாதித்துக் கொடுத்தது.

உங்களில் பல பேருக்குத் தாத்தா, பாட்டியின் பெயர் இருக்கும். இன்றைக்கு வீட்டில் கேட்டுப் பாருங்கள் குட்டீஸ்... அவர்கள் எப்படிப்பட்டவர்கள் என்று!

ஊர் பெயரா, ஆள் பெயரா?

* 1997-ல் 'தில்லி' வந்த பிறகு, இந்தியக் கடற்படையின் புதிய நாசகாரிகளுக்கு ஊர்களின் பெயர்களையே சூட்டுகிறார்கள். மைசூர், மும்பை, கொல்கத்தா, கொச்சி, விசாகப்பட்டினம், இம்பால், சூரத்... இந்த வரிசையில் 'ஐ.என்.எஸ். சென்னை'யும் உண்டு! 164 மீட்டர் நீளமுள்ள இது, 2016-ம் ஆண்டு நவம்பர் 21-ம் தேதி பணியில் சேர்ந்தது.

* 1914-ம் ஆண்டு செப்டம்பர் 22-ம் தேதி இரவு சென்னைத் துறைமுகத்தின் எண்ணெய்த் தொட்டிகள் மீது குண்டு வீசிய ஜெர்மனியின் 'எம்டன்' கப்பலுக்கும் ஊர் பெயர்தான். எம்டன் ஜெர்மனியில் உள்ள ஒரு துறைமுக நகரம். இங்கே கதை தலைகீழ்! அதில் பணிபுரிந்தவர்களின் குடும்பத்தினர் தங்கள் பெயரோடு 'எம்டன்' என்று சேர்த்துக்கொள்ள ஜெர்மனி அனுமதி கொடுத்தது. மனிதர்களுக்குக் கப்பல் பெயர்!

* 'அரிசோனா'வோடு இறந்த கேப்டன் வான் வால்கன்பர்க்கின் பெயரையும் ஒரு நாசகாரிக்குச் சூட்டினார்கள். 'அரிசோனா' இன்றும் பேர்ல் துறைமுகத்தில் மூழ்கியே கிடக்கிறது. அதன் மேலே 1962-ல் நினைவிடம் திறந்தார்கள். கப்பலில் இருந்து எண்ணெய் இன்னமும் சொட்டுச் சொட்டாகக் கசிந்து, தண்ணீரின் மேலே வந்துகொண்டிருக்கிறது.